நூலைச் செம்மை செய்வோர்

ஒரு நூலைக் கையில் எடுக்கும் வாசகர் முதலில் அதன் ஆசிரியர் யார் என்று பார்க்கிறார். அடுத்துப் பதிப்பகத்தின் பெயரைப் பார்க்கிறார். சிலர் அச்சகத்தின் பெயரையும் பார்ப்பதுண்டு. ஆனால், எழுதியவருக்கும் அச்சிட்டவருக்கும் இடையில் இருந்து, வாக்கியந்தோறும் நின்று, ஐயந்தோறும் கேட்டு, பிழைதோறும் திருத்தி, அந்த நூலை நூலாக்கிய ஒருவர் உண்டு. அவர் பெயர் பெரும்பாலும் எங்கும் காணப்படுவதில்லை. அவரே பதிப்பாசிரியர். பதிப்பகமொன்றில் மாதச் சம்பளத்துக்கு அமராமல், பல எழுத்தாளரிடமிருந்தும் பல நிறுவனங்களிடமிருந்தும் வேலை பெற்று வாழ்பவர் சுயாதீனப் பதிப்பாசிரியர் எனப்படுவார். கண்டி நகரிலும் அதனைச் சூழ்ந்த மலையகத்திலும் இத்தொழிலுக்கு இடமுண்டா, உண்டெனில் அதனை எவ்வாறு கட்டியெழுப்புவது என்பதே இங்கு ஆராயப்படுவது.

முதலில் இத்தொழில் இன்னதென்று தெளிதல் வேண்டும். எழுத்துப்பிழை திருத்துவதே பதிப்பாசிரியர் வேலை என்று பலர் எண்ணுகின்றனர். அஃது இத்தொழிலின் கடைசிப் படி மாத்திரமே. முதற்படி, நூலின் அமைப்பை நோக்குவதாகும். எந்த அத்தியாயம் முன்னே வரவேண்டும், எந்தப் பகுதி இருமுறை சொல்லப்பட்டிருக்கிறது, எங்கே வாசகருக்கு ஒரு விளக்கம் தேவைப்படுகிறது என்பவற்றை இங்கே பார்க்க வேண்டும். இரண்டாம் படி, மொழியைச் செவ்விதாக்குவது. வாக்கியத்தின் எழுவாயும் பயனிலையும் இயைகின்றனவா, ஓர் ஊரின் பெயர் நூல் முழுவதும் ஒரே வகையாக எழுதப்பட்டிருக்கிறதா, குறிப்பிட்ட ஆண்டுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றனவா என்று பார்ப்பது இந்தப் படியிலேதான். மூன்றாம் படியே அச்சுப்படியை மெய்ப்புப் பார்ப்பது. வீடு கட்டுவோர் சுவரை எழுப்பி, பூசி, அதன் பின்னரே வெள்ளையடிப்பர். வெள்ளையடித்த பின் சுவரை இடம் மாற்ற முற்படுபவருக்குக் கூலியும் நட்டம், காலமும் நட்டம். மெய்ப்பு நிலையில் வந்து அத்தியாயத்தை மாற்றும் நூலாசிரியரின் நிலையும் இதுவே.

தமிழ் உலகில் இப்பணி புதியதன்று. ஆறுமுக நாவலரும் (1822–1879), சி. வை. தாமோதரம்பிள்ளையும் (1832–1901), உ. வே. சாமிநாதையரும் (1855–1942) செய்த பெரும் பணி பதிப்புப் பணியேயாகும். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே பிறந்த தாமோதரம்பிள்ளை சென்னையில் அரசாங்கக் கணக்குத்துறையில் உத்தியோகம் வகித்தார். ஓய்ந்த நேரத்திலே ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். தொட்டால் ஓரம் உதிரும் ஏடுகளைக் கண்டு அவர் பட்ட துயரம் அவருடைய பதிப்புரையிலே பதிவாகியிருக்கிறது. சாமிநாதையர் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க முற்பட்டபோது, தமக்கு விளங்காத சமணக் கருத்துக்களைக் கும்பகோணத்துச் சமணர்களிடமே சென்று கேட்டுத் தெளிந்தார். அந்நூல் 1887இல் வெளிவந்தது. தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதற்கு வெட்கப்படாமையே பதிப்பாசிரியருக்கு முதற்குணம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இப்பெரியோர் எவருக்கும் பதிப்பு வேலையே பிழைப்பாக இருக்கவில்லை. தாமோதரம்பிள்ளைக்கு உத்தியோகமும் சாமிநாதையருக்கு ஆசிரியப் பணியும் சோறு போட்டன. பதிப்பு அவர்களுடைய கைப்பொருளைத் தின்றது. அதனாலே இன்றும் தமிழ் எழுத்தாளர் பலர் பதிப்பாசிரியரின் உழைப்பை நண்பர் செய்யும் உபகாரமாகக் கருதுகின்றனர். கூலி கொடுத்துப் பெறவேண்டிய தொழில் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. இந்த எண்ணத்தை மாற்றுவதே இத்தொழிலில் இறங்குபவர் ஏறவேண்டிய முதல் மேடு.

கண்டிக்கு இத்துறையில் வேர் உண்டு. அறிஞர் சித்திலெவ்வை (1838–1898) 1882ஆம் ஆண்டிலே முஸ்லிம் நேசன் என்னும் பத்திரிகையை இந்நகரிலே தொடங்கினார். அவர் 1885இல் வெளியிட்ட அசன்பேயுடைய கதை, ஈழத்துத் தமிழ் நாவல்களுள் முதலாவதாக எண்ணப்படுவது. 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பேராதனையில் நிலைகொண்டதும், தமிழ் ஆராய்ச்சியும் எழுத்தும் மகாவலிக் கரையிலே செழித்தன. 2000ஆம் ஆண்டில் வைத்திய கலாநிதி தி. ஞானசேகரன் கண்டியிலிருந்தே ஞானம் என்னும் இலக்கியத் திங்களிதழைத் தொடங்கினார். எழுதுவோரும் அச்சிடுவோரும் நிறைந்த இந்நகரிலே செம்மை செய்வோருக்கும் இடம் இருத்தல் இயல்பே.

செம்மை செய்தல் எத்தகைய பொறுப்பு என்பதை விளக்க, கண்டியிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. அது தமிழ் நூலைப் பற்றியதன்று. எனினும் அதன் பாடம் எம்மொழிக்கும் பொருந்தும். 1958இல் ஞானபோனிக தேரர் முதலியோர் கண்டியிலே பௌத்த வெளியீட்டுச் சங்கத்தை நிறுவினர். ஞானமோலி என்னும் ஆங்கிலேய பிக்கு, பாளி மொழியிலுள்ள மத்திம நிகாயத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து, கையெழுத்துப் பிரதியாகவே வைத்துவிட்டு 1960இல் திடீரென மறைந்தார். திருத்தி முடிக்க அவருக்குக் காலம் வாய்க்கவில்லை. வாழ்வின் இறுதிக் காலத்தில் அவர் கலைச்சொற்கள் பலவற்றுக்குத் தாமே புதுமையான சொற்களை ஆக்கிச் சோதித்துக்கொண்டிருந்தார். பல ஆண்டுகளுக்குப் பின், உடவத்தைக்கெலைக் காட்டிலுள்ள ஆச்சிரமத்தில் வாழ்ந்த போதி பிக்கு அப்பிரதியை முழுமையாகச் செம்மை செய்தார். நூல் 1995இல் வெளிவந்தது.

அங்கே எழுந்த வினா கடினமானது. இறந்தவரிடம் கேட்க இயலாது. அவருடைய புதுச்சொற்களை அப்படியே விட்டால் வாசகர் தடுமாறுவர். முற்றும் மாற்றினால் நூல் அவருடையதன்று ஆகிவிடும். போதி பிக்கு பழகிய சொற்களை மீண்டும் அமைத்தார். ஆனால் தாம் எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்பதை முன்னுரையிலே ஒளியாமல் எழுதிவைத்தார். நூலின் முகப்பில் முதல் மொழிபெயர்ப்பாளரின் பெயரையும் நிலைநிறுத்தினார். மாற்றுவதற்குத் துணிவும், மாற்றியதைச் சொல்லுவதற்கு நேர்மையும் ஒருங்கே வேண்டும் என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடம்.

இனி, இன்றைய தேவையைப் பார்க்கலாம். இலங்கையிலே தமிழ் நூல்களில் பெரும்பாலானவை எழுத்தாளரின் சொந்தப் பணத்திலேயே அச்சாகின்றன. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் சேமிப்பை எடுத்து, தம் ஊரின் வரலாற்றை அச்சகத்திடம் கொடுக்கிறார். அச்சகத்தார் கொடுத்ததைக் கொடுத்தபடி அச்சிடுகின்றனர். திருத்துவது அவர்கள் பொறுப்பன்று. வெளியீட்டு விழா நடைபெறுகிறது, மாலை விழுகிறது, சில நூறு பிரதிகள் கைமாறுகின்றன. பின்னர் ஒருவர் நூலைத் திறக்கிறார். முதற் பக்கத்தில் 1948 என்று வந்த ஆண்டு நாற்பதாம் பக்கத்தில் 1984 ஆகியிருக்கிறது. பாட்டனாரின் பெயர் மூன்று வகையாக எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாம் பதிப்பு வரும் வாய்ப்பு அரிது. ஆகவே அந்தப் பிழை அந்த ஊரின் வரலாறாகவே நிலைத்துவிடுகிறது. நாளை ஆராய்ச்சி மாணவர் ஒருவர் அதனையே மேற்கோள் காட்டுவார். ஒரு மனிதரின் சேமிப்பும் ஓர் ஊரின் நினைவும் ஒருசேரச் சேதமாகின்றன.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. அது திருத்தாமையினும் கொடியது. மலையகத் தோட்டங்களில் வாழ்ந்த ஒருவர் தம் வாழ்க்கையை எழுதும்போது லயம், பிரட்டு, கவ்வாத்து, கங்காணி, கொழுந்து என்று எழுதுவார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பும் துயரமும் அச்சொற்களில் உறைந்து கிடக்கின்றன. இலக்கணம் மாத்திரம் கற்ற பதிப்பாசிரியர் பிரட்டு என்பதை அணிவகுப்பு என்றும், லயத்தைத் தொடர்வீடு என்றும் திருத்திவிடுவாராயின் வாக்கியம் தூய்மையாகும்; ஆனால் விடியற்காலைக் குளிரிலே பெயர் கூப்பிடுவதற்காக நின்ற மனிதர் அதிலிருந்து மறைந்துவிடுவார். கண்டியைச் சூழ்ந்த முஸ்லிம் ஊர்களின் பேச்சிலுள்ள வாப்பா, உம்மா முதலிய சொற்களுக்கும் இது பொருந்தும். ஆகவே எதைத் திருத்துவது என்று அறிதல் கல்வி. எதைத் தொடக்கூடாது என்று அறிதல் பண்பு. இரண்டாவது இல்லாதவரிடம் எழுத்தாளர் மறுமுறை வரமாட்டார். சுயாதீனப் பதிப்பாசிரியரின் மூலதனம் எழுத்தாளரின் நம்பிக்கை ஒன்றே.

இத்தொழிலுக்குப் பட்டம் கட்டாயமன்று. ஆயினும் பரந்த வாசிப்பும், இலக்கணத் தெளிவும், அகராதியை அலுக்காமல் திறக்கும் பழக்கமும் வேண்டும். சென்னையில் 1974இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், எழுத்தாளருடன் அமர்ந்து பிரதியைச் செம்மை செய்வதைப் பதிப்பின் உயிர்ப்பகுதியாக நடத்திக் காட்டினார். அப்பதிப்பகம் 1992இல் வெளியிட்ட தற்காலத் தமிழ் அகராதி இப்பணியில் உள்ளோருக்கு நாள்தோறும் உதவும் துணை. இலங்கை வழக்குச் சொற்களும் அதிலே இடம்பெற்றிருத்தல் இந்நாட்டவருக்கு மேலும் பயன் தருவது.

கண்டியில் வேலை செய்பவருக்கு இன்னொரு நலனும் உண்டு. சிங்களமும் ஆங்கிலமும் காதில் விழாமல் இந்நகரில் ஒருநாளும் கழிவதில்லை. மொழிபெயர்ப்பு நூலொன்றைச் செம்மை செய்யும்போது மூலத்தோடு ஒப்புநோக்கக்கூடியவர் இருமடங்கு பயனுடையவராவார். கணினி அறிவும் இன்று தவிர்க்க இயலாதது. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டெழுதப்பட்ட பிரதிகள் இன்னும் வருகின்றன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும்போது எழுத்துக்கள் இடம் மாறி விழுவதுண்டு. மாற்றிய பின் ஒருமுறை மூலத்தோடு ஒப்பிட்டு வாசித்தாலன்றி, எழுத்தாளர் செய்யாத பிழையும் நூலில் ஏறிவிடும்.

தொடக்கத்தில் வேலை எங்கிருந்து வரும் என்பது அடுத்த வினா. பெரும் பதிப்பகங்களின் கதவைத் தட்டிக் காத்திருப்பதினும் அண்மையில் இருப்பதைப் பார்த்தல் நலம். பாடசாலைகளின் ஆண்டு நிறைவு மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், சங்கங்களின் அறிக்கைகள், ஓய்வுபெற்றோரின் நினைவு நூல்கள், இளங்கவிஞரின் முதல் தொகுதி ஆகிய யாவும் செம்மையை வேண்டி நிற்பன. இவ்வூரிலிருந்து புலம்பெயர்ந்து சென்று எழுதுவோரும் ஊர்வழக்கு அறிந்த பதிப்பாசிரியரைத் தேடுகின்றனர். மின்னஞ்சலில் பிரதி வந்து போவதற்குத் தொலைவு தடையன்று. பல்கலைக்கழக மாணவரின் ஆய்வேடுகளும் வருவதுண்டு. அங்கே ஓர் எல்லை உண்டு. மொழியைத் திருத்தலாம், கருத்தை எழுதிக் கொடுத்தலாகாது. அவ்வாறு எழுதிக் கொடுப்பவர் பதிப்பாசிரியர் அல்லர். மாணவரின் பொய்க்கு உடந்தையானவர்.

தொகுப்பு நூல்களும் இத்துறையில் ஒரு கிளையே. தெளிவத்தை ஜோசப் (1934–2022), பழைய பத்திரிகைகளிலும் சஞ்சிகைகளிலும் சிதறிக் கிடந்த மலையகச் சிறுகதைகளைத் தேடித் திரட்ட, அவை 1997இல் துரைவி பதிப்பகத்தின் வெளியீடாக வந்தன. அவர் சிறந்த எழுத்தாளர். எனினும் தம் எழுத்தை ஒருபுறம் வைத்துப் பிறர் எழுத்தைத் தேடியமையால் ஒரு தலைமுறையின் கதைகள் அழியாமற் காக்கப்பட்டன.

கூலியைப் பற்றிப் பேசக் கூச்சப்படுதல் இத்தொழிலின் முதற்பகை. இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. புதிய பிரதி வந்தால் அதன் நடுவிலிருந்து 5 பக்கங்களை எடுத்துத் திருத்திப் பார்த்து, எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். முதற் பக்கங்களை எழுத்தாளர் பலமுறை திருத்தியிருப்பார். ஆகையால் அவை உண்மை நிலையைக் காட்டா. மணிக்கு 5 பக்கம் என்று கண்டால், 200 பக்கப் பிரதிக்கு முதல் வாசிப்பு 40 மணி. மணிக்கு 10 பக்கமாக இரண்டாம் வாசிப்பு 20 மணி. எழுத்தாளருடன் ஐயம் தீர்ப்பதற்கு 10 மணி. ஆக 70 மணி நேர உழைப்பு. ஒரு மணி நேரத்துக்குத் தமக்கு வேண்டிய ஊதியத்தால் இதனைப் பெருக்கினால் கட்டணம் கிடைக்கும். இக்கணக்கை எழுத்தாளரிடம் காட்டினால் அவர் பேரம் பேசுவது குறையும். எதற்குப் பணம் கொடுக்கிறார் என்பதும் அவருக்கு விளங்கும்.

வாய்ப்பேச்சு போதாது, ஒரு தாளில் உடன்பாடு எழுதிக்கொள்ளுதல் நன்று. எந்தெந்தப் படிகள் செய்யப்படும், எத்தனை முறை வாசிக்கப்படும், எந்நாளில் முடியும், முற்பணம் எவ்வளவு, மீதி எப்போது, இடையில் எழுத்தாளர் புதிய அத்தியாயம் சேர்த்தால் என் செய்வது என்பன அதில் இருத்தல் வேண்டும். மூன்றில் ஒரு பங்கை முற்பணமாகப் பெறுவது இருவருக்கும் பாதுகாப்பு. நண்பரோ உறவினரோ ஆயினும் இத்தாள் அவசியம். உறவு கெடாமல் இருப்பதற்கே இது எழுதப்படுகிறது.

சட்ட அறிவும் சிறிது வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, நூலின் பதிப்புரிமை எழுத்தாளரின் ஆயுட்காலமும் அதன்மேல் 70 ஆண்டுகளும் நிலைக்கும். தம் படைப்பு சிதைக்கப்படுவதை எதிர்க்கும் உரிமையும் எழுத்தாளருக்கு உண்டு. ஆகவே ஒவ்வொரு திருத்தமும் ஆலோசனையே. இறுதி முடிவு எழுத்தாளருடையது. திருத்தங்களை மறைவாகச் செய்யாமல், அவர் கண்டு ஏற்கவோ தள்ளவோ கூடியவாறு குறித்துக் கொடுத்தல் முறை. நூலுக்குரிய சர்வதேசத் தராதர நூல் எண்ணைத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை வழங்குகிறது. இதனை அறியாத புதிய எழுத்தாளருக்கு வழிகாட்டுதலும் பதிப்பாசிரியரின் மதிப்பை உயர்த்தும்.

பிறநாடுகளில் இத்தொழிலோர் சங்கங்களாகத் திரண்டிருக்கின்றனர். அமெரிக்காவில் 1970இலும் இங்கிலாந்தில் 1988இலும் சுயாதீனப் பதிப்பாசிரியர்களின் அமைப்புக்கள் தோன்றின. இங்கிலாந்தின் அமைப்பு 2020இல் அரச பட்டயம் பெற்ற நிறுவனமாக உயர்ந்தது. பயிற்சி அளித்தல், தேர்வு நடத்துதல், நடத்தை நெறிகளை வகுத்தல் என்பன அதன் பணிகள். கண்டியிலே நால்வர் ஐவர் மாதம் ஒருமுறை ஒரு நூலகத்தில் கூடி, தாம் சந்தித்த ஐயங்களைப் பகிர்ந்துகொண்டாலே அத்தகையதொரு தொடக்கம் ஆகும். ஒருவருக்கு வேலை மிகும்போது மற்றவருக்குக் கொடுத்துதவவும் அது வழிசெய்யும்.

இவற்றையெல்லாம் கேட்டு உடனே உத்தியோகத்தை விட்டுவிடுதல் அறிவுடைமையன்று. முதலிரண்டு ஆண்டுகள் மாலை நேரத் தொழிலாகவே இதனைச் செய்யலாம். வருமானம் ஒரு மாதம் வரும், மறுமாதம் வராது. அந்த வறண்ட மாதத்துக்காக நல்ல மாதத்திலே ஒரு பங்கை ஒதுக்கிவைத்தல் வேண்டும். விளம்பரம் இத்தொழிலுக்கு அதிகம் உதவாது. செம்மையாக வந்த ஒரு நூலின் ஆசிரியர் இன்னொருவரிடம் சொல்லும் ஒரு சொல்லே அடுத்த வேலையைக் கொண்டுவரும். அவ்வாறே, கவனமின்றிச் செய்த ஒரு நூல் ஒன்பது வேலைகளைக் கொண்டுபோய்விடும்.

நூலை வாசிப்பவர் தடையின்றி வாசித்து மூடும்போது, செம்மை செய்தவரை நினைப்பதில்லை. நினையாமைதான் அவருடைய வேலை நிறைவேறியதற்கு அடையாளம். ஆனால் எழுதியவருக்குத் தெரியும். தம் வாழ்நாள் நினைவை எழுதிவைத்த முதியவர், அச்சான நூலைப் புரட்டி, தம் குரல் தம் குரலாகவே, ஆனால் தெளிவாகக் கேட்பதை உணரும் வேளையிலே, பதிப்பாசிரியரின் உழைப்புக்குப் பயன் கிடைத்துவிடுகிறது. மலைநாட்டின் வீடுகளில், பெட்டிகளிலும் அலுமாரிகளிலும், இன்னும் அச்சேறாத குறிப்பேடுகள் பல உறங்குகின்றன. எழுதியவர்கள் இருக்கும்போதே அவற்றைத் திறந்து, அவர்களிடம் கேட்டுத் தெளிந்து செம்மை செய்ய முன்வருவோர்க்குத் தொழிலும் உண்டு, தொண்டும் உண்டு. ஏடு உதிர்ந்த பின் வருந்திய தாமோதரம்பிள்ளைக்குக் கிடைக்காத அவ்வாய்ப்பு இத்தலைமுறைக்குக் கிடைத்திருக்கிறது.